கொழுப்பை எடுக்கப் போகிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேஸ்புக்கைத் திறந்தால் போதும், "ஒரே தடவையில் வயிறு தட்டை" என்று ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது. நான் பாமசியில் நிற்கிறவள் என்பதால் அந்த விளம்பரத்தை போனில் காட்டி "அக்கா, இது செய்யலாமா, பயமில்லையா?" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். கலியாணத்துக்கு நாள் குறித்த பிள்ளைகள், இரண்டாவது பிள்ளை பிறந்து வயிறு இறங்காத தாய்மார், கட்டாரிலிருந்து லீவில் வந்த தம்பிமார் என்று எல்லா வகையும் உண்டு. யாருக்கும் நான் ஒரேயடியாக "செய்யாதே" என்று சொல்வதில்லை. ஆனால் பயமா இல்லையா என்பதை மெஷினின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் உடம்பில் இருப்பது எந்தக் கொழுப்பு, யார் கையால் செய்கிறீர்கள், செய்து முடித்து ஊருக்கு வந்த பிறகு ஏதாவது நடந்தால் உங்களைப் பார்க்கப் போவது யார், இந்த மூன்றும் தெரிந்தால்தான் பதில் சொல்லலாம். மூன்றாவது கேள்வியை நம்மூர் ஆட்கள் கேட்பதே இல்லை. கொழும்பில் இருக்கிறவருக்கு அது சின்ன விஷயம், நமக்கு அப்படி இல்லை.

முதலில் கிள்ளிப் பாருங்கள்

காசு செலவில்லாத சோதனை இது. கண்ணாடி முன்னால் நின்று, வயிற்றை உள்ளே இழுக்காமல் தளர விட்டு, தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் கிள்ளிப் பிடியுங்கள். மெதுவாக, தடிப்பாகக் கைக்குள் வந்தால் அது தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு. வயிறு முன்னால் தள்ளி, தட்டினால் இறுக்கமாக இருந்து, கிள்ளினால் தோல் மட்டும்தான் கையில் வருகிறது என்றால் கொழுப்பு உள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றி இருக்கிறது. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் உருண்டு நிற்கும் நம்மூர் ஆண்கள் பலருக்கு இரண்டாவது வகைதான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஈரலில் கொழுப்பு என்று எழுதி வந்தவர்களும் இதில் சேர்த்தி.

இந்த உள்கொழுப்பை லைப்போசக்ஷன் என்ற, கொழுப்பை உறிஞ்சும் ஒப்பரேஷனின் குழாயும் எடுக்காது, குளிரூட்டும் மெஷினும் கரைக்காது, ஊசியும் தொடாது. அழகுக்காகச் செய்யும் எல்லா முறையும் தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்போடு நின்றுவிடும். உள்கொழுப்புக்கு மருந்து சாப்பாடும் நடையும்தான், தேவைப்பட்டால் வைத்தியர் எழுதும் மாத்திரையோ ஊசியோ. இதைக் கேட்டதும் முகம் வாடிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் இலட்சக்கணக்கில் கொடுத்து வயிறு அப்படியே இருப்பதை விட இது பரவாயில்லை.

அடுத்தது அளவு நாடா. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். தெற்காசியர்களுக்குச் சொல்லப்படும் எல்லை ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டியிருந்தால் கண்ணாடியில் தெரிகிற வயிற்றை விட சீனி, பிறஷர், கொலஸ்ட்ரோல் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு நிறை சரியா என்று பார்க்கும் கணக்கும் நமக்குக் கொஞ்சம் வேறு: ஆசியர்களுக்கு 23இலிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5இல் அதிகம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2004இல் சொன்னது. 155 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவர் 62 கிலோ என்றால் பிஎம்ஐ 25.8. அவர் பெரிய குண்டு ஒன்றும் இல்லை, ஆனால் இரத்தம் சோதிக்க வேண்டிய ஆள். பக்கத்து அரச வைத்தியசாலையில் இருக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்திலோ, எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தின் வெல் வுமன் கிளினிக்கிலோ சீனி, பிறஷர் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். கொழும்பு டொக்டரிடம் போவதற்கு முதல் அந்த முடிவுகளைக் கையில் வைத்திருங்கள், எப்படியும் கேட்பார்கள்.

கொழுப்பை உறிஞ்சி எடுத்தால் சீனியும் குறையும் என்று சிலர் சொல்லி விற்கிறார்கள். 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பருமனான 15 பெண்களுக்கு வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்து, மூன்று மாதமளவில் திரும்பச் சோதித்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் விதத்திலோ, பிறஷரிலோ, கொலஸ்ட்ரோலிலோ சொல்லத்தக்க மாற்றம் இல்லை. சீனி வருத்தக்காரர் யாராவது மாத்திரையை விடலாம் என்ற எண்ணத்தில் இதைச் செய்யப் போகிறார் என்றால் தயவுசெய்து இந்தப் பந்தியைக் காட்டுங்கள்.

பிள்ளை பெற்ற வயிறு வேறு கதை

பிரசவத்துக்குப் பிறகு இறங்காத வயிறு பல நேரம் கொழுப்பே இல்லை. நடுவில் இருக்கும் தசை இரண்டாகப் பிரிந்து நிற்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி விழுந்தால் தசைப் பிரிவு இருக்கலாம். அதற்கு முதல் வழி பிசியோதெரபி. இருமும்போது தொப்புளில் முடிச்சு மாதிரி எழும்பி வருகிறதா என்றும் பாருங்கள், வந்தால் அது ஹேர்னியா, அதாவது குடலிறக்கம். ஹேர்னியா இருக்கிற வயிற்றில் லைப்போசக்ஷன் குழாயை விட்டால் குடலில் துளை விழும் ஆபத்து உண்டு. ஆகவே வயிற்றைக் கையால் அழுத்திப் பார்க்காமல், போட்டோவை மட்டும் பார்த்து திகதி கொடுக்கிற இடத்துக்குப் போகவே கூடாது.

சிசேரியன் தழும்புக்கு மேல் மடிந்து தொங்குவது, நிறை குறைத்த பிறகு சுருங்கித் தொங்கும் தோல், இவையெல்லாம் கொழுப்பை உறிஞ்சினால் இன்னும் தொங்கும். அதற்கு இருப்பது தோலை வெட்டித் தைக்கும் வயிற்றுச் சத்திரசிகிச்சை. பெரிய ஒப்பரேஷன், பெரிய தழும்பு, பல வார ஓய்வு. இன்னொரு பிள்ளை வேண்டும் என்றால் அதுவரை தள்ளிப் போடுங்கள். பிரசவம் முடிந்து ஆறு மாதமாவது போக வேண்டும், பால் கொடுப்பதை நிறுத்தியிருக்கவும் வேண்டும், இது எந்த முறைக்கும் பொருந்தும்.

திடீரென்று நிறை ஏறியவர்கள் முதலில் காரணத்தைத் தேடுங்கள். தைரொயிட், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, கர்ப்பத்தடை ஊசி, அப்புறம் முட்டுக்கும் மூட்டு வலிக்கும் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்கும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் மாத்திரை. கடைசியாகச் சொன்னது நான் அடிக்கடி பார்க்கிற ஒன்று. முகமும் வயிறும் ஊதி, தோல் மெலிந்து, இலேசாக அடிபட்டாலே நீலம் பாரிக்கும். அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வைத்தியரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான்.

விற்கிறவை என்னென்ன

லைப்போசக்ஷன்தான் பழையது, பலன் நிச்சயமானது, ஆபத்தும் கூடியது. விறைப்பு மருந்தும் இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்த உப்புத் திரவத்தை லீற்றர் கணக்கில் தோலுக்குக் கீழே செலுத்துவார்கள், வயிறு பந்து மாதிரி ஊதி இறுகும், பிறகு பென்சில் தடிப்புக்கும் குறைந்த குழாயைச் சின்ன ஓட்டை வழியாக விட்டு முன்னும் பின்னும் இழுத்து உறிஞ்சுவார்கள். இந்தத் திரவ முறையை 1980களில் அமெரிக்கத் தோல் வைத்தியர் ஜெஃப்ரி க்ளைன் கொண்டு வந்த பிறகு இரத்தப் போக்கு மிகவும் குறைந்தது. போத்தலில் சேர்வது முழுக்கக் கொழுப்பு இல்லை, செலுத்திய திரவமும் இரத்தமும் கலந்தது. மொத்தம் 5 லீற்றரைத் தாண்டினால் பெரிய அளவு என்று கணக்கு, அப்படியானதை ஒருநாள் தங்கவைத்துக் கண்காணிக்கும் வைத்தியசாலையில்தான் செய்ய வேண்டும். ஆகவே வழமையாகத் தராசில் சில கிலோவுக்கு மேல் இறங்காது. தையல்காரர் சட்டையின் இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுக்கிற மாதிரியான வேலை இது, உடம்பு முழுக்க மெலிய வைக்கிற வேலை இல்லை.

லிடொகெய்ன் என்ற அந்த விறைப்பு மருந்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லிடொகெய்ன் கொழுப்பிலிருந்து மெல்ல மெல்லத்தான் இரத்தத்தில் கலக்கும், உச்சத்துக்குப் போவது பல மணித்தியாலத்துக்குப் பிறகு, நீங்கள் வீட்டிலோ லொட்ஜிலோ படுத்திருக்கும் நேரத்தில். வாயைச் சுற்றி மரத்துப் போவது, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தடுமாற்றம் எல்லாம் அது அளவு கூடியதன் அடையாளம். அளவை உங்கள் நிறையைக் கொண்டு கணக்குப் பண்ண வேண்டும், கிலோவுக்கு 35 மில்லிகிராம் என்பது பல சத்திரசிகிச்சை நிபுணர்கள் தாண்டாத எல்லை. "என் நிறைக்கு எவ்வளவு போடப் போகிறீர்கள்" என்று கேளுங்கள். தெரிந்தவர் கோபப்பட மாட்டார்.

குளிரூட்டும் முறை அடுத்தது. கொழுப்புக் கலம் தோலை விடக் குளிருக்குப் பயந்தது என்பதை வைத்துச் செய்த மெஷின், அமெரிக்காவில் 2010இல் இடுப்புப் பக்கத்துக்கு அனுமதி பெற்றது. வெட்டுக் காயம் இல்லை, மயக்கமும் இல்லை. கிள்ளினால் கைக்குள் அடங்குகிற அளவுக் கொழுப்புக்கு மட்டும் சரி, வைத்த இடத்தில் அந்தப் படை கால்வாசி அளவு குறையலாம், அதுவும் இரண்டு மூன்று மாதம் கழித்து. அரிதாக, குறைவதற்குப் பதிலாக அதே இடத்தில் கொழுப்பு கட்டியாக வளர்ந்துவிடும், மெஷின் வைத்த வடிவத்திலேயே. மொடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா 2021இல் தனக்கு நடந்ததாக வெளியே சொன்னது அதைத்தான். அப்படி வந்தால் ஒப்பரேஷன்தான் வழி. நமது பக்கத்தில் இன்னொரு சிக்கல், அசல் மெஷின் எது, சந்தையில் மலிவாக வரும் நகல் எது என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. வெப்பநிலைக் கட்டுப்பாடு சரியில்லாத நகல் தோலைச் சுட்டுவிடும், ஐஸ் சூடு நெருப்புச் சூட்டை விடக் குறைந்தது இல்லை. குளிரில் கை விரல் வெளுத்து நீலமாகிறவர்கள், குளிரோடு சம்பந்தப்பட்ட இரத்த நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

ரேடியோ அலை, அல்ட்ராசவுண்ட், லேசர் என்று சலூன்களில் ஓடுகிற மற்ற மெஷின்களின் பலன் கொஞ்சம்தான். பத்துத் தடவைக்கு முன்பணம் கேட்பார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஊசி பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. கொழுப்புக் கரைக்கும் மருந்து என்று முறையாக அனுமதி பெற்றது டியொக்ஸிகொலிக் அமிலம், அதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல் அங்கீகரித்தது முகவாய்க்குக் கீழே இருக்கும் கொழுப்புக்கு மட்டும்தான். வயிற்றுக்கு இல்லை, கைக்கு இல்லை. அதிலும் தவறான இடத்தில் குத்தினால் சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும், நரம்பு தேறும்வரை பல வாரம். அக்வாலிக்ஸ், கபெலைன் மாதிரியான பெயர்களில் இணையத்தில் விற்பவை அந்த நிர்வாகம் அனுமதிக்காதவை, தழும்பு, கடும் தொற்று, தோல் உருக்குலைவு, வலிக்கும் முடிச்சு என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். ஒருத்தி என்னிடம் கொண்டு வந்து காட்டிய குப்பி இப்போதும் கண்ணில் நிற்கிறது: விரல் நீளம், மஞ்சள் திரவம், லேபல் முழுக்கக் கொரிய எழுத்து, மூடிக்கு மேல் காலாவதித் திகதி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பார்சலில் வந்ததாம், வீட்டிலேயே குத்திக்கொள்ள வீடியோவும் அனுப்பியிருக்கிறார்கள். இலங்கையில் மருந்துக்கு தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு வேண்டும், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பதிவு இலக்கம் இல்லாத குப்பி உடம்புக்குள் போகக் கூடாது, அவ்வளவுதான்.

யாருக்குப் பொருந்தாது

வயது 18க்குக் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத சீனி வருத்தம் உள்ளவர்கள், இதய, சிறுநீரக, ஈரல் நோயாளிகள், கால் இரத்தக் குழாயில் முன்பு இரத்தம் கட்டியவர்கள், வார்ஃபரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள். இவர்களில் சிலருக்கு நிபுணர் வழி சொல்லலாம், ஆனால் முடிவு அவருடையதாக இருக்க வேண்டும். அஸ்பிரின் எடுக்கிறவர் தானாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. இதயத்துக்கு ஸ்டென்ட் போட்டவர் அழகுக்காக மாத்திரையை நிறுத்திவிட்டு மார்பு வலியோடு வந்தால் என்ன சொல்வது!

கர்ப்பத்தடை மாத்திரை இரத்தம் கட்டும் ஆபத்தைக் கூட்டும், ஒப்பரேஷனுக்கு எத்தனை வாரம் முன் நிறுத்துவது, அதுவரை வேறு என்ன வழி என்று கேளுங்கள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை எடுக்கிற பெண்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், வைத்தியரிடம் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். மீன் எண்ணெய், விற்றமின் ஈ, உள்ளி மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் எழுதிக் கொண்டு போங்கள். புகைக்கிறவர் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தோலும் காயமும் ஆறாது. இரத்தம் குறைந்தவர்கள் முதலில் அதைத் தேற்ற வேண்டும், நம்மூர்ப் பெண்களில் இது அடிக்கடி வரும் ரிப்போர்ட்.

கடந்த ஆறு மாதமாக நிறை ஏறி இறங்கிக் கொண்டிருக்கிறதென்றாலும் பொறுங்கள். எடுத்த இடத்தில் கொழுப்புக் கலம் திரும்ப வருவது குறைவு, ஆனால் நிறை கூடினால் முதுகு, மார்பு, கை என்று மற்ற இடங்களில் சேரும், உருவம் முன்பை விட விசித்திரமாகப் போய்விடும். இன்னும் ஒரு வகை ஆட்கள் இருக்கிறார்கள். மற்றவர் கண்ணுக்கே தெரியாத ஒரு மடிப்பை நாள் முழுக்கக் கண்ணாடியில் பார்த்துக் கொண்டிருப்பார்கள், அதற்காக வெளியே போகவே மாட்டார்கள். அவர்களுக்கு ஒரு இடம் சரியானதும் அடுத்த இடம் உறுத்தும். அதற்கு மனநல வைத்தியர் இருக்கிறார், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கலியாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒன்று. லைப்போசக்ஷன் வீக்கம் வடிய மூன்று மாதம் ஆகும், ஆறு மாதமும் ஆகலாம். மூன்றாவது கிழமையில் வயிறு முன்பை விட ஊதியிருக்கவும் கூடும், நீலமும் மஞ்சளுமாகக் கன்றியிருக்கும். கூறைச் சேலைக்குத் தைத்த பிளவுஸ் ஏறாது.

யார் செய்கிறார்

வெள்ளை கோட்டும் "டொக்டர்" என்ற பலகையும் போதாது. இலங்கை மருத்துவ சபையின் இணையத் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், பதிவு இருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் தெரியும். பதிவு இருப்பது முதல் படி மட்டும்தான், ஏனென்றால் எம்பிபிஎஸ் முடித்த எல்லோரும் பிளாஸ்டிக் சர்ஜன் இல்லை. எந்தத் துறையில் விசேட நிபுணர், பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எதில் பயிற்சி என்று நேராகக் கேளுங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவையும் பிளாஸ்டிக் சர்ஜரிப் பட்டத்தையும் பாருங்கள். அழகுக்கலைச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஊசியும் குழாயும் பிடிக்க யாருக்கும் உரிமையில்லை, அந்தச் சான்றிதழ் எத்தனை அழகாக பிரேம் போட்டிருந்தாலும். இடத்துக்கும் பதிவு வேண்டும், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தப் பத்திரத்தைச் சுவரில் தேடுங்கள், இந்த வருடத்துக்கு உரியதா என்றும்.

2022 மே மாதம் பெங்களூரில் 21 வயதான கன்னடச் சின்னத்திரை நடிகை சேதனா ராஜ் கொழுப்பு அகற்றும் சிகிச்சைக்குப் பிறகு இறந்தார். நிலைமை மோசமானதும் அவரை வேறு வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதனால்தான் நான் முதலில் கேட்கச் சொல்வது விலையை அல்ல, உயிர் காக்கும் ஏற்பாட்டை. வட்ஸ்அப்பில் இப்படியே அனுப்பிப் பாருங்கள்:

"வணக்கம். சத்திரசிகிச்சை செய்பவரின் முழுப் பெயரும் மருத்துவ சபைப் பதிவு இலக்கமும் வேண்டும். மயக்க மருந்து நிபுணர் முழு நேரமும் கூட இருப்பாரா? அவசரம் என்றால் அதே கட்டடத்தில் ஐசியூ இருக்கிறதா, இல்லையென்றால் எந்த வைத்தியசாலைக்கு, எத்தனை நிமிடத்தில்? மொத்தம் எத்தனை லீற்றர் எடுக்கத் திட்டம்? நான் மட்டக்களப்பிலிருந்து வருகிறேன், எத்தனை நாள் கொழும்பில் தங்க வேண்டும்? திரும்பச் செய்ய வேண்டி வந்தால் யார் செலவு?"

பதிலுக்கு "டியர், இன்றைக்கு புக் பண்ணினால் முப்பது வீதம் கழிவு" என்று வந்தால் உங்களுக்கு வேண்டிய பதில் வந்துவிட்டது. நம்பரை பிளொக் பண்ணுங்கள். நல்ல நிபுணர் முதல் சந்திப்பில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், பழைய நோய் கேட்பார், என்ன நடக்காது என்பதையும் சொல்வார், வீட்டுக்குப் போய் யோசித்து வாருங்கள் என்பார். "உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொல்லி அனுப்புகிறவரும் உண்டு, அவருக்குக் கொடுத்த செனலிங் காசு வீண் இல்லை. பெண்கள் பரிசோதனையின்போது பெண் தாதி ஒருவரைக் கூட வைத்திருக்கக் கேட்கலாம். நம்மூர் முஸ்லிம் சகோதரிகள் தயங்கி இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், கேட்டால் எந்த ஒழுங்கான இடமும் மறுக்காது.

நகையை அடகு வைத்தோ மீற்றர் வட்டிக்கோ வாங்கிச் செய்யப் போகிறீர்கள் என்றால் தள்ளிப் போடுங்கள். சொன்ன தொகைக்கு மேல் இறுக்க உடுப்பு, மருந்து, தங்குமிடம், இரண்டாம் தடவைச் சந்திப்பு என்று வந்துகொண்டே இருக்கும், ஏதாவது பிழைத்தால் அதைச் சரிசெய்யக் கையில் காசு இருக்க வேண்டும்.

போகவர வழி

இதுதான் நமக்கே உரிய பிரச்சினை. கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், பஸ்ஸில் ஓர் இரவு. ஒப்பரேஷன் முடிந்து அடுத்த நாளே இரவு பஸ்ஸில் ஏறி, காலைத் தொங்கப் போட்டு, மூத்திரம் போக வசதியில்லை என்று தண்ணீரும் குடிக்காமல் எட்டு மணித்தியாலம் உட்கார்ந்து வந்தால் காலில் இரத்தம் கட்டுவதற்கு அதை விட வேறு என்ன வேண்டும்? கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. கொழும்பில் குறைந்தது ஒரு கிழமை சொந்தக்காரர் வீட்டிலோ வைத்தியசாலைக்கு அருகிலோ தங்குங்கள், முதல் சந்திப்பு முடிந்து "போகலாம்" என்று சொன்ன பிறகு மட்டும் வாருங்கள். வாகனத்தில் வருவதென்றால் ஹபரணை, பொலன்னறுவை என்று நிறுத்தி நிறுத்தி இறங்கி நடங்கள். படுத்தே கிடக்காதீர்கள், ஒப்பரேஷன் அன்றே மெதுவாக நடக்கச் சொல்வார்கள்.

காலத்தையும் பாருங்கள். கழுத்திலிருந்து தொடைவரை அல்லது நெஞ்சுக்குக் கீழிருந்து முழங்கால்வரை இறுகப் பிடிக்கும் ஒரு உடுப்பை நாலு முதல் ஆறு கிழமை இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அதற்குள் வியர்த்து ஊறி, கொக்கி பட்ட இடம் புண்ணாகி, மின்விசிறிக்குக் கீழே இருந்து அழுகிறவர்களும் உண்டு. இரண்டு உடுப்பு வாங்குங்கள், ஒன்றைத் துவைத்தால் மற்றதைப் போடலாம், உள்ளே மெல்லிய பருத்தி பெனியன் போடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். மாரி காலத்தில் வெள்ளம் ஏறினால் வீதி மறிபடும், இரண்டாம் சந்திப்புக்குப் போக முடியாது. நோன்பு காலமும் வேண்டாம், முதல் நாட்களில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

போவதற்கு முன்பே ஊரில் ஒரு வைத்தியரிடம், சத்திரசிகிச்சை தெரிந்தவரிடம், "இப்படிச் செய்யப் போகிறேன், காயத்தைப் பார்ப்பீர்களா" என்று கேட்டு வையுங்கள். தோலுக்குக் கீழே நீர் கட்டினால் ஊசியால் எடுக்க வேண்டி வரும், அதற்காக ஒவ்வொரு தடவையும் கொழும்புக்கு ஓட முடியாது. என்ன செய்தார்கள், எத்தனை லீற்றர், என்ன மருந்து, எவ்வளவு என்று எழுதிய வெளியேற்றப் பத்திரம் இல்லாமல் அங்கிருந்து கிளம்பவே வேண்டாம். அதைப் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள்.

வீட்டில் இருக்கும்போது

வீக்கம், கன்றல், மரத்துப் போதல், ஓட்டையிலிருந்து இளஞ்சிவப்புத் திரவம் வடிதல், இவை முதல் இரண்டு மூன்று நாளில் வழமை, பழைய துவாயை விரித்துப் படுங்கள். மரப்பு பல வாரம் இருக்கும், அதனால் அந்த இடத்தில் வெந்நீர்ப் போத்தல் வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது. வலிக்கு டைக்லோபெனக் மாதிரி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடாமல் எழுதித் தந்ததை மட்டும் எடுங்கள்.

மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் நோவது, பேச்சுத் தடுமாறி ஆள் குழம்புவது, நெஞ்சிலும் கமக்கட்டிலும் சின்னச் சிவப்புப் புள்ளிகள், விடாத காய்ச்சல், வயிறு கல்லாக இறுகித் தாங்க முடியாத வலி, காயத்திலிருந்து நாற்றம், சுற்றிக் கருமை. இதில் எதுவாக இருந்தாலும் காலையில் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், செய்த இடத்துக்கு மெசேஜ் போட்டுப் பதில் பார்த்துக் கொண்டும் இருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ, கல்முனையோ, அம்பாறையோ, எது கிட்டவோ அங்கே அவசரப் பிரிவு.

அங்கே போனதும் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது, "கொழுப்பு எடுக்கும் ஒப்பரேஷன் செய்தேன், இன்றைக்கு இத்தனையாவது நாள்". மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று வயிற்று வலி, காய்ச்சல் என்று மட்டும் சொன்னால், நம்மூரில் காய்ச்சலுக்கு டெங்குவா என்று பார்ப்பார்கள், அதில் சில மணித்தியாலம் போய்விடும். வாயால் சொல்ல முடியாவிட்டால் அந்த வெளியேற்றப் பத்திரத்தையும் சாப்பிடுகிற மாத்திரைகளையும் ஒரு உறையில் போட்டுத் தாதியின் கையில் நேரே கொடுத்துவிடுங்கள்.